“ஐபி வேறதானே சார்?”

இந்த மாதத்தில் இது மூன்றாவது அழைப்பு. “போர்டு மேசையில் நன்றாக ஓடுது சார். சைட்டில் மாட்டினால் விட்டுவிட்டு ஆஃப்லைன் ஆகுது. ஸ்விட்ச்தான் சரியில்லை.” அந்த ஸ்விட்சை ஏற்கெனவே ஒருமுறை மாற்றியும் பார்த்துவிட்டார்கள். புதியதிலும் அதே கதை.

போனேன். பன்னிரண்டு சென்சார் போர்டுகள். எஸ்டிஎம்32 சிப், உள்ளே ஃப்ரீஆர்டாஸ் என்ற ‘ரியல் டைம்’ இயங்குதளம். லேப்டாப்பைச் செருகி ‘இருக்கிறாயா’ என்று எல்லாவற்றுக்கும் ஒரு பிங் அனுப்பிவிட்டு ஆர்ப் டேபிளைத் திறந்தேன். எந்த ஐபிக்கு எந்த மேக் என்று லேப்டாப் குறித்துவைக்கும் பட்டியல் அது. இடப்பக்கம் 192.168.1.21, 22, 23 என்று அழகான வரிசை. வலப்பக்கம், ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய வன்பொருள் முகவரியான மேக் அட்ரஸ். பன்னிரண்டு வரியிலும் ஒரே மேக். 00-11-22-33-44 என்று ஆரம்பிக்கிறது. டெமோ கோடில் இருந்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

பக்கத்தில் நின்ற தம்பி கேட்டார்: “ஐபி வேறதானே சார், எப்படி மோதும்?”

இந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. சாதாரண ஸ்விட்ச் ஐபியைப் பார்ப்பதே இல்லை. எந்த மேக் எந்த போர்ட்டிலிருந்து (கேபிள் செருகும் துளையிலிருந்து) பேசியது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். மூன்றாம் போர்ட்டில் இருப்பவன் பேசினால், ‘இந்த மேக் மூன்றில்’. அடுத்த நொடி ஏழில் இருப்பவன் பேசினால், பழையதை அழித்துவிட்டு ‘ஏழில்’. இப்போது மூன்றாமவனுக்கு வரும் பாக்கெட்டை ஏழாமவனிடம் கொண்டுபோய்க் கொடுக்கும். அவன் தன் ஐபி இல்லையென்று தூக்கி எறிவான். கடைசியாகப் பேசியவனுக்கு மட்டுமே தபால். பிங் போகிறதே என்பார்கள். ‘இந்த ஐபி யாருடையது?’ என்று ஆர்ப் கேட்டதும் அந்த போர்டு பதில் சொல்கிறது, அந்தக் கணத்தில் கடைசியாகப் பேசியது அதுதான், அதனால் போகிறது. பிங் போவது எதற்கும் சாட்சி இல்லை. தயவுசெய்து ஸ்விட்சைத் திட்டாதீர்கள்.

“சிப்பின் யூனிக் ஐடியிலிருந்து மேக் எடுத்துக்கிறேன்” என்றார் தம்பி. நல்லது. ஆனால் எஸ்டிஎம்32-இன் 96 பிட் ஐடியில் கடைசி 32 பிட் லாட் எண்ணின், அதாவது தயாரிப்புத் தொகுதி எண்ணின், ஒரு பகுதி. அதிலிருந்து மூன்று பைட் எடுத்தால், ஒரே லாட்டில் வந்த சிப் அத்தனைக்கும் மறுபடியும் ஒரே மேக்! முழு 96 பிட்டையும் கலந்து ஒரு சின்ன எண்ணாகச் சுருக்குங்கள், அதாவது ஹாஷ் செய்யுங்கள். முதல் பைட்டை 02 என்று வையுங்கள், இது நாமே வைத்த மேக் என்பதற்கான அடையாளம்.

செஃபிர் என்ற இன்னொரு ரியல் டைம் இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் சாம்பிள்களில் இருக்கும் 192.0.2.1 ஆவணங்களில் உதாரணம் காட்டவென்றே ஒதுக்கிய முகவரி. அதோடு ப்ராடக்ட் வெளியே போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நெட்வொர்க்கில் போர்டின் பெயரான ஹோஸ்ட்நேமும் மாற்றாவிட்டால் ‘செஃபிர்’தான். பெயரை வைத்துப் பக்கத்திலுள்ள கருவியைத் தேடும் எம்டிஎன்எஸ் போட்டு ‘செஃபிர் டாட் லோக்கல்’ என்று தேடினால் பத்து போர்டும் “நான்தான்” என்று கை தூக்கும். லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் அவாஹி, பெயர் மோதினால் தானே ‘-2’ சேர்த்துக்கொள்ளும். சின்ன போர்டுகளில் ஓடும் நெட்வொர்க் ஸ்டாக்குகளிடம் அந்த நாகரிகத்தை எதிர்பார்க்காதீர்கள். பெயரோடு மேக்கைச் சேர்க்க ‘ஹோஸ்ட்நேம் யூனிக்’ என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது, ஆன் செய்யுங்கள். மேக் ஒழுங்காக இருந்தால்தான் அதுவும் உதவும். அப்புறம், எம்டிஎன்எஸ் ரௌட்டரைத் தாண்டாது. வேறு விலானில், அதாவது தனியாகப் பிரித்த நெட்வொர்க்கில், உட்கார்ந்துகொண்டு “காணோம்” என்று எனக்கு போன் செய்யாதீர்கள்.

இன்னொன்று. ‘ரியல் டைம்’ என்பது டாஸ்க் ஓட்டும் ஒழுங்கு. ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வருக்கு அது தெரியாது. கரண்ட் போய் வந்தால் போர்டு ஒரு நொடியில் எழுந்துவிடும். ஸ்விட்ச் மெதுவாக எழும். பாக்கெட் சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயின் பழைய வகை அதில் ஓடினால் லிங்க் வந்த பிறகும் 30 நொடி எதையும் கடத்தாது. அதற்குள் சாக்கெட் திறந்து, தோற்று, டாஸ்க்கையே முடித்துக்கொள்ளும் கோடை எத்தனை தடவை பார்ப்பது? முகவரி வந்ததற்கான ஈவென்ட் வரும்வரை காத்திருங்கள், வராவிட்டால் மறுபடி முயலுங்கள்.

ஒரே ஒரு போர்டை வைத்து டெஸ்ட் முடித்துவிடாதீர்கள். குறைந்தது இரண்டு, ஒரே ஸ்விட்சில், ஒரு ராத்திரி முழுக்க.

அந்தப் பன்னிரண்டையும் நெட்வொர்க் வழியாக அப்டேட் செய்யலாமா என்று தம்பி கேட்டார். எந்த போர்டுக்கு எந்த பாக்கெட் போகும் என்று திரும்பக் கேட்டேன். ஏணி கொண்டுவரப் போனார்.