நான்கு பட்டை இருப்பதெல்லாம் பிரண்டை அல்ல

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் பார்த்துவரும் என்னிடம், ஒரு கண் சிவந்து வீங்கிய நிலையில் வந்த பெண்மணி, பிரண்டைத் துவையலுக்காக வேலியோரம் ஒடித்த தண்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அது சதுரக்கள்ளி. ஒடித்த கையோடு கண்ணைக் கசக்கியிருக்கிறார். கண்ணை நீரால் நன்கு கழுவச் செய்து கண் மருத்துவரிடம் அனுப்பினேன். "நாலு பட்டை இருந்திச்சில்லா, டாக்டர் ஐயா" என்றார் புறப்படும்போது.

பட்டையை மட்டும் பார்த்ததுதான் பிழை. பிரண்டை திராட்சைக் குடும்பத்துக் கொடி; தாவரவியலாளர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு வெளியிட்ட சிஸ்சஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. பழைய நூல்கள் சில அதைத் திராட்சையின் வைட்டிஸ் பேரினத்திலேயே வைத்திருக்கும். குழம்ப வேண்டாம், செடி ஒன்றுதான். திராட்சையையும் பிரண்டையையும் பிரித்துக் காட்டுவது பூ. திராட்சைப் பூவின் ஐந்து இதழ்களும் நுனியில் ஒட்டியிருந்து தொப்பிபோல் மொத்தமாகக் கழன்றுவிடும். பிரண்டைப் பூவின் நான்கு இதழ்களோ தனித்தனியே விரியும், மகரந்தத் தாள்களும் நான்கே. சிவந்த பழத்துக்குள் பெரும்பாலும் ஒரே விதை. நான்கு இதழ், அதே குடும்பத்துக் கொடியான புளிநறளைக்கும் உண்டு. முன்பு சிஸ்சஸில் இருந்த அதனைப் பின்னர் சைஃபோஸ்டெம்மா என்னும் பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

பூவுக்காகக் காத்திருக்க முடியாதவர்கள் கணுவைப் பார்க்கலாம். கணுவுக்குக் கணு இடுங்கிய பிரண்டைத் தண்டில், இளங்கணுக்களில் இலைக்கு நேர் எதிரே பற்றுக்கம்பி சுருண்டு நிற்கும். இலை சீக்கிரமே உதிர்ந்துவிடுவதால் முதிர்ந்த தண்டு மொட்டையாகத் தெரிந்தாலும், கொழுந்துப் பக்கம் இரண்டும் கட்டாயம் இருக்கும். கள்ளிக்குப் பற்றுக்கம்பி கிடையாது. பட்டையின் விளிம்பில் இரட்டை முள் இருக்கும், ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். பிரண்டையில் கசிவது நீர்த்த சாறு மட்டுமே.

அந்தச் சாறும் அரிக்கும் என்பது வேறு செய்தி. தண்டிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களே அதற்குக் காரணம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரிப்பதும், எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி வைத்து அரைப்பதும் நம் வீட்டுப் பெரியவர்கள் இதற்காகவே கண்ட வழி. அரைவேக்காட்டில் தின்றுவிட்டுத் தொண்டை அரிக்கிறது என்று வருவோர் இன்றும் உண்டு.

பிரண்டை கேட்டு வருவோரிடம், அடையாளம் தெரிந்த கொடியிலிருந்து கணுவோடு ஒரு துண்டு வாங்கி வேலியோரம் ஊன்றச் சொல்கிறேன். அதிகம் தண்ணீர் கேட்காமலே தழைத்துவிடும். பொடியாக வாங்கினால் பற்றுக்கம்பியும் தெரியாது, பாலும் தெரியாது.