விரைந்து பரவும், ஆனாலும் வசப்படும்: குழந்தைகளின் தைராய்டு புற்றுநோய்

குழந்தைக்குக் கழுத்தில் நெறி கட்டினால், பெரும்பாலும் ஏதோ ஒரு தொற்றுதான் காரணம். சில வாரங்களில் வற்றிவிடும். வற்றாமலும் வலிக்காமலும் கெட்டியாகவே நிற்கும் கட்டியை அப்படி விட்டுவிடக் கூடாது. சிறுவயதில் தைராய்டு கட்டி அரிது. ஆனால் வந்தால், அது புற்றாக இருக்கும் வாய்ப்பு அதிகம்: பெரியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 என்றால், குழந்தைகளில் ஏறக்குறைய 22 முதல் 26.

இந்தப் புற்றுகளில் பெரும்பாலானவை பாப்பில்லரி எனப்படும் வகை. கண்டறியும்போதே பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது கழுத்தின் நிணநீர்க் கணுக்களை எட்டியிருக்கும், சிலருக்கு நுரையீரலையும். இதைக் கேட்டதும் பெற்றோர் இடிந்துபோவது இயல்பே. ஆனால் நுரையீரல் வரை பரவிய பிள்ளைகளும் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள்.

இவ்வளவு பரவியும் எப்படி வசப்படுகிறது? இதற்கான விடை மரபணுவில் இருக்கிறது. பெரியவர்களின் கட்டிகளில் அடிக்கடி காணப்படுவது பிராஃப் மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை. அயோடினை இழுத்து ஹார்மோன் செய்வது தைராய்டு செல்லின் இயல்பு; அந்த இயல்பையே அது மறக்கச் செய்கிறது. அயோடினை உள்ளிழுக்கும் புரதம் குறைந்துவிடும். குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது வேறு: ரெட், என்ட்ரக் போன்ற மரபணுக்கள் முறிந்து, வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்கின்றன. "வளர்" என்ற கட்டளை ஓயாமல் ஒலிக்கிறது. செல் பெருகுகிறது, பரவுகிறது. ஆனாலும் பெரும்பாலும் தைராய்டு செல்லாகவே நீடித்து, போன இடத்திலும் அயோடினைத் தேடி இழுக்கிறது.

அந்தப் பசிதான் நமக்குக் கிடைத்த பிடி. அறுவை சிகிச்சையில் சுரப்பியை அகற்றிய பின், தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கதிரியக்க அயோடின்-131 வாய்வழியே தரப்படுகிறது. எஞ்சிய செல்கள் அதை விழுங்கி, உள்ளிருந்தே அழிகின்றன. நுரையீரல் திட்டுகள் மருந்து கொடுத்து மாதங்கள், ஆண்டுகள் கழிந்தும் சுருங்கிக்கொண்டே வருவதுண்டு. அதனால் அவசரப்பட்டு அடுத்த தவணையைக் கொடுப்பதைவிடப் பொறுத்திருந்து பார்ப்பதே பல நேரங்களில் நல்லது. வளரும் உடலுக்குக் கூடுதல் கதிர்வீச்சு வேண்டியதில்லை.

இதே அயோடின்-131தான் 1986இல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் நோயை உண்டாக்கியது என்பது மனதை வருத்தும் உண்மை. மாசுபட்ட புல்லை மேய்ந்த பசுக்களின் பால் வழியே அது பெலாரஸ், உக்ரைன், ரஷ்யக் குழந்தைகளின் உடலுக்குள் போனது. 2005 வரை, விபத்தின்போது சிறுவராக இருந்தவர்களில் 6,000க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்று கண்டறியப்பட்டது. இறந்தவர்கள் 15 பேர். கதிர்வீச்சு டிஎன்ஏவை முறிக்கும். ரெட் மரபணுவும் அதோடு அதிகம் ஒட்டும் மரபணுக்களும் 10ஆம் குரோமோசோமிலேயே இருப்பதாலும், தைராய்டு செல்களில் அவை அடிக்கடி அருகருகே அமைவதாலும், முறிந்த முனைகள் மாறி ஒட்டுவது எளிதாகிறது.

தைராய்டு புற்றில் மெடுல்லரி என்ற இன்னொரு வகை உண்டு; அதன் போக்கு வேறு. ரெட்டில் பிறவியிலேயே வரும் பிழையால் பெரும்பாலும் உண்டாவது, அயோடினுக்கு அடங்காது. கடுமையான பிழை இருந்தால், பிறந்து ஓராண்டுக்குள் சுரப்பியையே எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

பாப்பில்லரி கட்டிகளிலும் சில அயோடினை ஏற்க மறுக்கும். அங்கே லாரோட்ரெக்டினிப், செல்பெர்காடினிப் போன்ற மாத்திரைகள், ஒட்டிய மரபணு எழுப்பும் கட்டளையை அடைக்கின்றன. சில பிள்ளைகளிடம், அந்தக் கட்டளை நின்றதும் செல்கள் மறுபடியும் அயோடினை இழுக்கத் தொடங்கியதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.