லீக், பெர்மியேஷன்: கசிவு எது, ஊடுபுகல் எது?

இயற்கை எரிவாயுக் குழாய்களில் ஹைட்ரஜனை விடலாமா என்ற பேச்சில் லீக், பெர்மியேஷன் என்ற இரண்டும் அடிபடுகின்றன. தமிழில் இரண்டையும் ‘கசிவு’ என்றே எழுதிவிடுகிறோம். குழாய் வேலை செய்பவருக்கு இவை வேறு வேறு: முதலாவதை ஸ்பேனரால் நிறுத்தலாம், இரண்டாவதை முடியாது.

லீக்கின் மூலம் பழைய நார்ஸ் மொழியின் ‘லேகா’; பொருள் சொட்டுதல். இதற்குத் துளை, விரிசல், தளர்ந்த மரை, தேய்ந்த வாஷர் என ஏதாவது ஒரு வழி வேண்டும். தமிழ்ச் சொல் கசிவு. ‘கசி’ என்பதும் முதலில் ஈரம் வெளிப்படுவதைத்தான் குறித்தது. ஒழுக்கு என்றால் கூரையும் தண்ணீரும் நினைவுக்கு வருவதால் வாயுவுக்குப் பொருந்தாது.

மரையிடுக்கு போன்ற நுண்வழியில் வாயு மெதுவாக நகரும். அங்கே பாகுநிலைதான் (விஸ்காசிட்டி) அளவைத் தீர்மானிக்கிறது. இயற்கை எரிவாயுவின் முக்கியக் கூறான மீத்தேனோடு ஒப்பிட்டால் ஹைட்ரஜன் கன அளவில் சுமார் 1.2 மடங்கே வெளியேறும். பெரிய ஓட்டையில் பீறிட்டு வரும்போது அடர்த்தி தீர்மானிக்கும். ஹைட்ரஜனின் அடர்த்தி மீத்தேனுடையதில் எட்டில் ஒரு பங்கு. எட்டின் வர்க்கமூலமான 2.8 மடங்குவரை போகும். எரிவாயுக் குழாய்களை முழுக்க ஹைட்ரஜனுக்கு மாற்றலாமா என்று ஆராய்ந்த பிரிட்டனின் எச்21 திட்டத்துக்காக, பயன்பாட்டிலிருந்து தோண்டி எடுத்த 215 குழாய்த் துண்டுகளையும் இணைப்புகளையும் பக்ஸ்டனில் சோதித்தார்கள். 41 கசிந்தன, அளக்க முடிந்தவற்றில் விகிதம் 1.1 முதல் 2.2 வரை. மீத்தேன் கசியாத எதிலும் ஹைட்ரஜனும் கசியவில்லை. ‘சின்ன மூலக்கூறு, எதிலும் நுழைந்துவிடும்’ என்ற பரவலான பயம் இங்கே எடுபடவில்லை. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜனில் உள்ள ஆற்றல் மீத்தேனில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், ஆற்றல் கணக்கில் இழப்பு கூடுவதும் இல்லை.

அச்சோதனையில் பாலிஎத்திலீன் துண்டு ஒன்றுகூடக் கசியவில்லை. ஆனால் பெர்மியேஷன் நடப்பது அதில்தான். லத்தீனில் ‘பெர்’ ஊடாக, ‘மெயாரே’ செல்லுதல். வாயு உட்சுவரில் கரைந்து, பிளாஸ்டிக்குக்குள் விரவி, வெளிச்சுவரில் விடுபடுகிறது. ஓட்டை எதுவும் தேவையில்லை. பரப்பும் அழுத்தமும் வெப்பமும் கூடினால் கூடும், சுவர் தடித்தால் குறையும். பாலிஎத்திலீனில் ஹைட்ரஜனுக்கு இது மீத்தேனைப்போல் நான்கைந்து மடங்கு. கேட்கப் பெரிதாக இருந்தாலும், 17% ஹைட்ரஜன் கலந்தால் நெதர்லாந்துக் குழாய்த் தொகுதியில் ஆண்டுக்கு இழப்பாவது, அனுப்பும் ஹைட்ரஜனில் சுமார் 0.0005% என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எஃகுச் சுவரைப் பொறுத்தவரை சாதாரண வெப்பநிலையில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஹைட்ரஜனால் எஃகு நொறுங்கும் தன்மை பெறுவது தனிச் சிக்கல்.

இதற்கு ‘ஊடுபரவல்’ என்றால் ஆஸ்மோசிஸுக்கு வழங்கும் சவ்வூடு பரவலோடு குழம்பும். ‘விரவல்’ நடுக்கட்டத்தை மட்டும் குறிக்கும். செமிபெர்மியபிள் மெம்பிரேனுக்கு இலங்கைப் பாடநூல்களில் ‘பங்கூடுபுகவிடும் மென்சவ்வு’ உண்டு, தமிழ்நாட்டில் ‘ஒரு கூறு புகவிடும் சவ்வு’ உண்டு. அந்த வழியில் ‘ஊடுபுகல்’ சரியாக அமையும்.

சோப்புத் தண்ணீர் பூசினால் கசிவில் குமிழி வரும், ஊடுபுகலில் வராது. கசிவு தேடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கார்பன் உள்ள வாயுவை உணரும் சுடர் அயனியாக்கக் கருவி, கலவையில் மீத்தேனைக் காட்டும், தூய ஹைட்ரஜனைக் காட்டாது. காற்றில் 4% சேர்ந்தாலே ஹைட்ரஜன் தீப்பற்றும்.