பாரம் தூக்கும் நடுவில் வரும் புத்திமதி

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வேலை முடிந்து மாலையில் காலி வீதிப் பக்கமுள்ள ஒரு ஜிம்முக்குப் போகிறாராம். தண்டை உயர்த்தத் தொடங்கியதும் யாராவது ஓர் அண்ணா அருகே வந்து நிற்பாராம். "தங்கச்சி, முழங்கையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள்", "கையை நன்றாக இறுக்குங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். போன கிழமை தூக்கிய அதே பாரம் பாதியில் நின்றுவிடுகிறது. இது கூச்சமா, பலவீனமா என்பது அவருடைய கேள்வி.

கூச்சத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் அந்த வார்த்தைகள் அவருடைய நரம்புத் தொகுதிக்குள் செய்யும் வேலையே பெரிது.

சாதாரண தரத்தில் படித்ததுதான்: மூளையம் கட்டளை இடுகிறது, முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாண் வழியாக அது தசைக்குப் போகிறது, மேற்கையின் முன்பக்க இருதலைத் தசை சுருங்கும்போது பின்பக்க முத்தலைத் தசை தளர்கிறது, முழங்கை மடிகிறது. புத்தகம் இத்தோடு நின்றுவிடும். எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

தண்டு மேலே எழும் அந்த ஓரிரு செக்கன்களில் பாரம் ஒருபோதும் நேராகப் போவதில்லை. இடப்பக்கம் சற்றுத் தாழும், மணிக்கட்டு சற்றுப் பின்வாங்கும். ஒவ்வொரு தசைக்குள்ளும் அதன் நீளத்தை அளக்கும் நுண்ணிய உணரிகள் இருக்கின்றன. தசைநாண்களில் இழுவிசையை அளக்கும் வேறு உணரிகள். தசை திடீரென நீண்டால் செய்தி முண்ணாணுக்குப் போய், திருத்தம் ஏறக்குறைய 30 மில்லிசெக்கனில் கைக்கு வந்துவிடுகிறது. நாம் உணர்ந்து, நினைத்துச் செய்யும் திருத்தத்துக்கோ 150 முதல் 200 மில்லிசெக்கன் வேண்டும். பழகிய அசைவு ஒன்றில் இத்தகைய சிறு திருத்தங்கள் நம் அறிவுக்கு எட்டாமலே அடுத்தடுத்து நடக்கின்றன. நம்மைக் கேட்காமல் இவ்வளவு நேர்த்தியாக உழைக்கும் இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

"முழங்கையைக் கவனி" என்றதும் மெதுவான நினைவு, வேகமான இந்தச் சுற்றுக்குள் நுழைகிறது. தளர வேண்டிய தசையும் சேர்ந்து இறுகலாம். தன் உழைப்பைத் தானே எதிர்க்கும் கை, பாரத்துக்குக் கொடுக்க வேண்டிய விசையை அங்கேயே இழக்கிறது.

அசைவுகளை நாம் கற்கும் விதத்தை ஆராயும் கப்ரியேல் வுல்ஃபும் அவரது சகாக்களும் 1998 இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவி ஒன்றை வைத்து இதை ஆராய்ந்தார்கள். தம் பாதங்களைக் கவனித்தவர்களைவிடக் கருவியின் சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். 2004 இல் வுல்ஃப் வேறு சகாக்களோடு பாரத்தண்டுக்கு வந்தார். தசையை நினைத்துத் தூக்குவதைவிடத் தண்டை நினைத்துத் தூக்கும்போது, அதே பாரத்துக்குத் தசையின் மின்செயற்பாடு குறைவாக இருந்தது. வீணாகும் உழைப்பு குறைந்தது என்று பொருள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தசையைப் பெருக்குவதே நோக்கமானால் தசையை நினைப்பது உதவலாம். 2018 இல் 8 வாரம் நடந்த ஓர் ஆய்வில், தசையை நினைத்துப் பயின்றவர்களின் இருதலைத் தசை 12.4 சதவீதம் தடித்தது, மற்றவர்களுக்கு 6.9 சதவீதம். தொடைத் தசையில் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

புத்திமதியின் உள்ளடக்கமும் பல வேளைகளில் பழையது. "குந்தும்போது முழங்கால் பெருவிரலைத் தாண்டக் கூடாது" என்பதை எல்லோரும் கேட்டிருப்போம். 2003 இல் 7 ஆண்களின் முழங்கால் அப்படித் தாண்டாதபடி முன்னால் மரப் பலகை வைத்து அளந்தபோது, முழங்கால் மூட்டைத் திருப்பும் முறுக்குவிசை 150 இலிருந்து 117 நியூட்டன் மீற்றராகக் குறைந்தது. இடுப்பிலோ அது 28 இலிருந்து 303 ஆக ஏறியது. முழங்காலைக் காக்கப் போய் இடுப்பிலும் நடுமுதுகுக்குக் கீழும் சுமையை ஏற்றுகிறோம். பெண் பிள்ளை பாரம் தூக்கினால் ஆண்பிள்ளை உடம்பு வந்துவிடும் என்பது வெறும் மூடநம்பிக்கை. தசை பெருக உதவும் ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோனின் அளவு ஆண்களில் பெண்களுடையதைவிடப் பத்து மடங்குக்கும் மேல்.

ஆனால் இந்த ஆய்வுகளில் பலவும் மேற்கு நாட்டு இளம் ஆண்களைச் சில பேராக வைத்துச் செய்தவை. கொழும்பின் புழுக்கத்தில், எட்டு மணிநேரம் கதிரையில் இருந்துவிட்டு வரும் நம் பெண்களை வைத்து யார் அளப்பது? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதமளவே ஆராய்ச்சிக்குச் செலவிடும் நாட்டில் இந்தக் கேள்விகள் காத்துக்கிடக்கின்றன. பொதுநலவாயப் போட்டிகளில் நமக்குப் பதக்கம் தந்த விளையாட்டு பாரந்தூக்கல். அதற்கென ஓர் ஆய்வுகூடம் கேட்பது ஆடம்பரமல்ல.

வாசகிக்கு: தண்டு கையிலிருக்கும்போது பதில் சொல்லவே வேண்டாம். இறக்கி வைத்தபின், "அண்ணா, இந்தச் சுற்று முடிந்ததும் கேட்கிறேன்" என்றால் போதும். பயனுள்ள புத்திமதியாக இருந்தால் அதை வெளியே திருப்பிக்கொள்ளுங்கள். "முழங்கையை ஒட்டு" என்பதை "தண்டை நேர்கோட்டில் மேலே அனுப்பு" என்றும், "தொடையை இறுக்கு" என்பதை "தரையைக் கீழே தள்ளு" என்றும் மாற்றலாம்.

அந்த அண்ணாமாருக்கும் ஒன்று. தட்டைப் பூட்டும் கிளிப் கழன்றிருந்தால், படுத்துத் தூக்குபவரின் கழுத்துக்கு மேல் தண்டு இறங்கி எழாமல் நின்றால், அனுமதி கேட்கவே வேண்டாம். ஓடிப்போய்த் தண்டைப் பிடியுங்கள்.