தன்னம்பிக்கை ஏற்றிவிடச் சொல்லிப் பிள்ளையைக் கூட்டி வராதீர்கள்

காலாண்டு விடைத்தாள் வீட்டுக்குப் போகும் வாரம், கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் என் அறைக்கு வெளியே நாற்காலி பத்தாது. இந்த முறை பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பா, உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். “கணக்குல தொண்ணூத்தாறு மேடம், இங்கிலீஷ்ல முப்பத்தொண்ணு. இவனுக்கு இங்கிலீஷ் மட்டும் வரவே வராது. கொஞ்சம் தன்னம்பிக்கை ஏத்தி விடுங்க.” பத்தாம் வகுப்புப் பையன் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

ஏற்றிவிட நான் என்ன பெட்ரோல் பங்கா வைத்திருக்கிறேன்? பிள்ளை காதுபட ‘வரவே வராது’ என்று சொல்லிவிட்டு, மறுவாக்கியத்தில் தன்னம்பிக்கை கேட்கிறார்கள். பள்ளிகளும் சளைத்தவை அல்ல. ஒரு பேச்சாளரைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் கைதட்ட வைத்தால் ஆங்கிலத்தில் தேர்ச்சி கூடும் என்று நம்புகிறார்கள்.

தன்னம்பிக்கை மொத்தமாக ஒரே சரக்கு அல்ல. தேவனாம்பட்டினம் கடற்கரையில் கிரிக்கெட் டீமையே அதட்டி நடத்துகிறவன், ஆங்கில வகுப்பில் எழுந்து நின்று ஒரு வரி வாசிக்க நடுங்குவான். படிப்பு விஷயத்தில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தைக் கல்விசார் தன்கருத்து என்கிறோம். கல்வி உளவியல் ஆய்வாளர் ஷேவல்சனும் அவருடைய சகாக்களும் 1976-லேயே அதை ஆங்கிலம், வரலாறு, கணிதம், அறிவியல் என்று பாடவாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். பொதுவாக ‘உன்னால் முடியும்’ என்று எவ்வளவு கத்தினாலும் ‘எனக்கு இங்கிலீஷ் வராது’ என்ற எண்ணம் அசையாமல் கிடக்கும்.

இதைவிட விநோதம் ஒன்று உண்டு. கணக்கில் நல்ல மார்க் எடுப்பவர்கள் மொழிப் பாடத்திலும் பெரும்பாலும் நன்றாகவே எடுப்பார்கள். ஆனால் ‘நான் கணக்கில் கெட்டி’ என்ற எண்ணத்துக்கும் ‘மொழியில் கெட்டி’ என்ற எண்ணத்துக்கும் ஏறக்குறையத் தொடர்பே இருப்பதில்லை. இதற்கு ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1986-ல் விளக்கம் சொன்னார். பிள்ளை பக்கத்து பெஞ்சோடு மட்டும் தன்னை ஒப்பிடுவதில்லை. தன்னுடைய ஒரு பாடத்தை இன்னொரு பாடத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆக, அந்த 96-தான் 31-ஐ இன்னும் கேவலமாகக் காட்டுகிறது. “கணக்குல இவ்ளோ வாங்குற உனக்கு இது வராதா?” என்று நீங்கள் ஊக்கம் என நினைத்துச் சொல்வது அந்த ஒப்பீட்டுக்கு உரம் போடுவதுதான். திமிரில் படிக்கவில்லை என்பதெல்லாம் நம் கற்பனை.

அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு விடைத்தாளைப் பிரித்தேன். பாராகிராஃப் கேள்விக்கு எண் மட்டும் போட்டு அரைப் பக்கம் காலி. ஒரு மார்க் கேள்வி ஒன்றில் சரியான விடையை எழுதி, அடித்துவிட்டு, தப்பை எழுதியிருந்தான். “முன்னாடி இருக்கறவன் வேற எழுதியிருந்தான் மேடம். அவன் நல்லா படிப்பான்.” பண்ருட்டியிலிருந்து இங்கே எப்படி வந்தாய், ஆங்கிலத்தில் சொல் என்றேன். தட்டுத்தடுமாறி பஸ், கூட்டம், நெல்லிக்குப்பத்தில் இடம் கிடைத்தது என்று ஐந்தாறு வாக்கியம் சொன்னான். எல்லாம் புரிந்தது. “பேசிட்டியே” என்றேன். “இதெல்லாம் இங்கிலீஷே இல்ல மேடம்.”

மார்க் குறைந்தால் எண்ணம் சரியும். எண்ணம் சரிந்தால் முயற்சி நிற்கும். காலிப் பக்கத்துக்கு யாரும் மார்க் போடப்போவதில்லை. மார்க், எண்ணம் இரண்டில் மார்க்கின் பிடிதான் பலமானது. அதனால் பேச்சைவிட, ஆங்கிலத்திலேயே கிடைக்கும் சின்ன வெற்றி மேல். தினம் மூன்று வாக்கியம் சொந்தமாக எழுதச் சொல்லுங்கள். “கெட்டிக்காரன்” என்று பொதுவாகச் சொல்லாமல், “நேத்து விட்ட இறந்தகாலத்தை இன்னிக்கு சரியா போட்டிருக்கே” என்று சொல்லுங்கள். நீங்கள் ஆங்கிலம் படிக்காதவரா? வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், போதும்.

ஆசிரியர்களே, கையெடுத்துக் கேட்கிறேன்: மார்க் வரிசையில் பேர் கூப்பிட்டுத் தாள் கொடுக்காதீர்கள். கட்டுரை முழுக்கச் சிவப்பாக்காமல், ஒரு தடவைக்கு இரண்டு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள்.

ஊரில் முதலாவதாக வந்த பிள்ளையைப் புதுச்சேரியில் பெரிய பள்ளிக்கு மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே எல்லோருமே முதலாவதாக வந்தவர்கள். திறமை அப்படியே இருக்க, தன்னைப் பற்றிய எண்ணம் மட்டும் இறங்குவது வழக்கம். முதல் பருவ மார்க்கை வைத்து ‘மக்கு’ பட்டம் கட்டாதீர்கள்.

கடைசியாக, உங்கள் பிள்ளை தமிழையும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறானா, எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுகிறானா என்று பாருங்கள். அப்படியென்றால் நான் மேலே சொன்னது எதுவும் முதல் வேலை அல்ல. கண், காது பரிசோதனை முதலில், பிறகு கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. சான்றிதழுக்கு அலையவும் நாள் வேண்டும். ஹால் டிக்கெட் கையில் வந்த பிறகு என்னிடம் வந்து நிற்காதீர்கள்.