32 எழுத்து எப்படி 139 ஆனது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து படிவம் 4 மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, கணினி நிரலுக்குள் (புரோகிராமுக்குள்) தமிழில் எழுதினால் கணினி குழம்பிவிடும் என்கிறார்களே, உண்மையா?"

இல்லை, தங்கச்சி. இது கருப்புப் பூனை குறுக்கே போன கதைதான்.

அப்பா வெட்டும் செம்பனைக் குலைகளைக் கூட்டிச் சொல்ல, பைத்தான் என்ற நிரல்மொழியில் அந்த மாணவி ஒரு நிரல் எழுதியிருக்கிறார். அதில், படிப்பவருக்காக மட்டும் எழுதும் ஒரு குறிப்பு வரி:

# அப்பா இன்று வெட்டிய செம்பனைக் குலைகளின் எண்ணிக்கை

பைத்தானின் நடைவிதியான பெப்-8, வரி 79 எழுத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. டியூஷனில் கொடுத்த சரிபார்ப்பு நிரலோ, இந்த வரி 139 என்று எச்சரித்தது. விரல் விட்டு எண்ணுங்கள்: ஹேஷ் குறி, இடைவெளி எல்லாம் சேர்த்து 32தான்!

அந்த நிரல் எண்ணியது பைட்டுகளை; பைட் என்றால் எட்டு 0, 1 சேர்ந்த ஒரு தொகுப்பு. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்க, 1992இல் கணினி வல்லுநர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 'த' கணினிக்குள் இப்படி இருக்கும்:

11100000 10101110 10100100

முதல் பைட்டின் 1110 "நாங்கள் மூன்று பேர்" என்று சொல்லிவிடுகிறது. பின்னால் வரும் இரண்டும் 10 என்று தொடங்குகின்றன: "நான் முன்னவரின் தொடர்ச்சி." ஆகவே 10இல் தொடங்கும் பைட்டுகளை விட்டுவிட்டு எண்ணினால் போதும், 139 சட்டென்று 51 ஆகிவிடும். என்ன அழகான ஏற்பாடு!

சரி, 51 ஏன் 32 ஆகவில்லை? 'தோட்டம்' நமக்கு நான்கு எழுத்து. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடுக்கு ஏழு குறி. ஓகாரக் குறியும் புள்ளிகளும் அங்கே தனித்தனி. நம் கண்போலவே எண்ண வேண்டுமானால், உயிர்க்குறியையும் புள்ளியையும் முந்தைய மெய்யோடு சேர்க்க வேண்டும்.

எச்சரிக்கையையே அணைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. கோப்பை யுடிஎஃப்-8 ஆகப் படித்த பிறகு எண்ணச் சொல்லுங்கள். அப்போது 51 வரும்; 79க்குள் இருப்பதால் அதுவே போதும். திருத்தம் ஒரே வரிதான். அப்புறம் இரண்டு சோதனை: இந்தத் தமிழ் வரிக்கு நிரல் வாய் திறக்கக்கூடாது, 80 ஆங்கில எழுத்துள்ள வரிக்குக் கட்டாயம் கத்த வேண்டும். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தமிழ்க் கணிமைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இத்தகைய சோதனை வரிகளுக்கும் போக வேண்டும் என்பேன்.

திருத்தி ஓட்டிப் பார்த்தோம். தமிழ் வரிக்குச் சத்தமே இல்லை. 80 எழுத்து வரிக்கு உடனே கத்தியது.