3995 மில்லிமீட்டர் கார்: மைலேஜ் எங்கிருந்து வருகிறது, மூச்சு எங்கே வாங்குகிறது

மாருதி டிசையரின் நீளம் 3995 மில்லிமீட்டர். ஹூண்டாய் ஆராவும் 3995. ஹோண்டா அமேஸும் 3995. நான்கு மீட்டருக்குள் அடங்கி, பின்னால் தனி டிக்கியோடு வரும் இவற்றைத்தான் காம்பாக்ட் செடான் என்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்தார்களோ என்று தோன்றும், ஆனால் அளவு எடுத்துக் கொடுத்தது நிதியமைச்சகம். 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சின்ன கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். நீளம் நான்கு மீட்டருக்குள் இருக்க வேண்டும், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசியையும் டீசல் 1500 சிசியையும் தாண்டக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அப்புறம் வரி பலமுறை மாறிவிட்டது, கோடு மட்டும் மாறவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் இந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம், வெளியே போனால் 40. ஐந்து மில்லிமீட்டரை மிச்சம் வைத்து எல்லாரும் நிறுத்திக்கொள்வதில் ஆச்சரியமே இல்லை.

2008-ல் வந்த முதல் டிசையர் 4160 மி.மீ. நீளம், டிக்கி 440 லிட்டர். 2012-ல் அடுத்த தலைமுறை வந்தபோது வாலை நறுக்கி 3995-க்குக் கொண்டுவந்தார்கள், டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. பின்பக்கம் பார்க்க, வெட்டி ஒட்டிய மாதிரிதான் இருந்தது (நான் மட்டும் சொல்லவில்லை, அன்றைக்கு ஊரே சொன்னது). அதன் பிறகு மெல்ல மெல்ல இடத்தை மீட்டு 2024 மாடலில் 382 லிட்டர் வரை வந்துவிட்டார்கள். அதே அடித்தளத்தில் வால் இல்லாமல் நிற்கும் ஸ்விஃப்டின் டிக்கி 265 லிட்டர்தான். கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்த 117 லிட்டர் என்பது இரண்டு பெரிய பைகள். டிக்கி தனி அறையாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: ஏசி குளிரவைக்க வேண்டிய இடம் குறைவு, பின் டயரின் இரைச்சலும் காதுக்குக் குறைவாகவே வரும்.

சரி, மைலேஜுக்கு வருவோம். இந்த வகைக் கார் விற்பதே அதனால்தான்.

2024 டிசையரில் 1197 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 82 குதிரைத்திறன். சான்றளிக்கப்பட்ட மைலேஜ் மேனுவலுக்கு லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர், தானாகக் கியர் மாற்றும் ஏஎம்டிக்கு 25.71. இதில் பலருக்குத் தெரியாத விஷயம், சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக இந்த அளவுக் காருக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்பது. தோராயமாகக் கணக்குப் போட்டால், காற்றைப் பிளக்க 190 நியூட்டன் விசை, டயர் உருள 120 நியூட்டன், ஆக மொத்தம் ஒன்பது குதிரைத்திறன். 82-ல் ஒன்பது! மீதி எல்லாம் சும்மா வருகிற பயணிகள்.

அப்படியானால் 150 குதிரைத்திறன் இன்ஜினைப் போட்டாலும் அதே ஒன்பதுதானே செலவாகும், மைலேஜ் ஏன் குறைய வேண்டும்? இங்கேதான் பெட்ரோல் இன்ஜினின் பழைய வியாதி ஒன்று இருக்கிறது. குறைந்த சக்தி போதும் என்று நாம் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது, காற்று உள்ளே போகும் வழியை ஒரு தகடு பாதி மூடிவிடுகிறது. பிஸ்டன் அந்த இடுக்கு வழியாகத்தான் காற்றை இழுத்தாக வேண்டும். மூக்கை விரலால் பாதி அடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் பாருங்கள், மூச்சு இழுப்பதற்கே தனியாகச் சக்தி செலவாவது புரியும். பெரிய இன்ஜின் அதே ஒன்பது குதிரைத்திறனைத் தர தன் மூக்கை இன்னும் இறுக்கமாக அடைத்துக்கொள்ள வேண்டும். சின்ன இன்ஜின் ஓரளவு திறந்த மூக்கோடே ஓடுகிறது. நான்கு சிலிண்டருக்குப் பதில் மூன்று என்றால் உரசும் பாகங்களும் குறைவு. மிச்சமாகும் பெட்ரோலில் பெரும்பகுதி இந்த இரண்டு இடங்களில்தான் மிச்சமாகிறது.

அடுத்தது எடை. டவுனுக்குள் ஓட்டும்போது எடைதான் ராஜா. ஆட்களோடு சேர்த்து 1100 கிலோ என்று வைத்துக்கொண்டால், 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை பிரேக் போட்டு நிற்கும்போது கிட்டத்தட்ட 13 மில்லி பெட்ரோல் கொடுத்து வாங்கிய வேகம் பிரேக்கில் சூடாகிப் போய்விடுகிறது. 1500 கிலோ எஸ்யூவிக்கு அது 18 மில்லி. ஒரு சிக்னலுக்கு ஐந்து மில்லி என்பது அற்பம்தான், ஆனால் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை எத்தனை முறை நிற்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

விளம்பர மைலேஜ் ஏன் கைக்கு வருவதில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். அந்தச் சோதனை நடப்பது ஆய்வகத்தில், உருளைகள் மேல், ஏசி இல்லாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல். நாம் ஓட்டுவதோ ஏசி போட்டுக்கொண்டு பைபாஸில் 110, 120. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80-ல் 190 நியூட்டனாக இருந்தது 120-ல் 420 ஆகிவிடும். ஒரு கிலோமீட்டருக்குத் தேவைப்படும் ஆற்றல் முக்கால் பங்கு கூடுகிறது (அந்த வேகத்தில் இன்ஜின் கொஞ்சம் திறமையாக எரிப்பதால் மைலேஜ் அதே அளவுக்கு விழாது, ஆனால் நன்றாகவே விழும்). மஞ்சள் போர்டு வண்டிகளில் 80-க்கு மேல் போகாமல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருப்பதால், டாக்ஸி டிரைவர்கள் சொல்லும் மைலேஜ் பெரும்பாலும் நமக்கு வருவதைவிட அதிகமாகவே இருக்கும். அவர்கள் பொய் சொல்வதில்லை.

இப்போது குறைகள். தனியாக எதுவும் இல்லை, மேலே சொன்ன நிறைகளேதான் இடம் மாறி வந்து நிற்கின்றன.

சில வருடங்களுக்கு முன் வாடகைக்கு எடுத்த ஒரு காம்பாக்ட் செடானில் ஐந்து பேர் கொல்லிமலை ஏறினோம். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவிலேயே டிரைவர் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் ஏசியை அணைத்துவிட்டார், என் பெரியப்பா கேட்டதற்கு "மேல போகணும்ல ஐயா" என்றார். கணக்கு அவர் பக்கம்தான். நூற்றுக்குப் பத்து என்று ஏறும் சாலையில் 1300 கிலோவை 40 வேகத்தில் தூக்க 20 குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும். 82 இருக்கிறதே என்றால், அது இன்ஜின் ஐயாயிரத்துச் சொச்சம் சுற்றும்போது கிடைக்கிற எண். இரண்டாயிரம் சுற்றில் கையில் இருப்பது 25-ஐ ஒட்டித்தான், அதில் ஏசி இரண்டு மூன்றைத் தின்றுவிடும். அதனால் இரண்டாவது கியருக்கு இறங்கி இன்ஜினை அலறவிட்டே ஏற வேண்டும்.

ஏஎம்டி என்றால் இன்னொரு தொல்லை. அது முழு ஆட்டோமேட்டிக் இல்லை, சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிப்பதும் கியர் போடுவதும் ஒரு இயந்திரக் கை. கியர் மாறும் நேரத்தில் சக்கரத்துக்குச் சக்தி போகாது, அந்த இடைவெளியில்தான் தலை முன்னுக்குப் போய் வருகிறது. மேட்டில் இது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஊசலாடும், மேனுவலுக்கு மாற்றி நாமே கியர் போடுவது உத்தமம்.

மூன்று சிலிண்டரின் உதறலும் அப்படித்தான். முன் பிஸ்டனும் பின் பிஸ்டனும் ஒரே நேரத்தில் எதிரெதிராக இழுப்பதால் இன்ஜின் தராசு மாதிரி ஆடப் பார்க்கும், ரப்பர் தாங்கிகள் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்கின்றன, சிக்னலில் நிற்கும்போது மட்டும் மீதி கைக்குத் தெரியும். பழகிவிடும்.

சிஎன்ஜி வாங்கினால் கிலோவுக்கு 33.73 கிலோமீட்டர் என்கிறார்கள். ஆனால் இன்ஜின் சிலிண்டருக்குள் போகும் வாயு, காற்று இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சக்தி 70 குதிரைத்திறனாகக் குறைகிறது. டிக்கியை கேஸ் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். செடான் வாங்கியதே டிக்கிக்காக என்றால் இந்த வாதம் அங்கேயே முடிந்தது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். 2024 டிசையர், கார்களை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது, எடை குறைந்த கார் என்றாலே தகர டப்பா என்ற பேச்சு இனி எடுபடாது. ஆனால் 64 கிலோமீட்டர் வேகத்தில் நசுங்கும் தடுப்பில் மோதுகிற அந்தச் சோதனை, கிட்டத்தட்ட அதே எடையுள்ள இன்னொரு காரோடு மோதுவதற்குச் சமம். எதிரே வருவது இரண்டு மடங்கு எடையுள்ள வண்டி என்றால், நம் காரின் வேக மாற்றம் அந்த வண்டிக்கு நேர்வதைப்போல இரண்டு மடங்கு. இதை எந்த நட்சத்திரமும் மாற்றாது.

வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் ஐந்து பேரையும் ஏற்றுங்கள், இருப்பதிலேயே ஆகிருதியான சித்தப்பாவைப் பின்சீட்டில் நடுவில் உட்காரவையுங்கள், ஏசியை முழுக்க வைத்துக்கொண்டு ஒரு மேம்பாலத்தில் பாதியில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பாருங்கள்.